இரண்டாம் சுற்றில் மிஞ்சிய கோப்பை

"விரலை எடுங்க!"

மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறி வந்த தக்கேலே, கதவைத் தட்டாமல் உள்ளே பாய்ந்து ரோமானின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். கம்ப்யூட்டர் பயிற்சிக்கூடத்தின் தலைவியான அவளுடைய ஆள்காட்டி விரல், லேப்டாப்புக்கு அரை அங்குலம் மேலே அந்தரத்தில் நின்றது. திரையில் ஒரு பெயர் சிவப்பில் மினுங்கியது. அயால்நேஷ் லெம்மா. அதன் கீழே ஒரே கேள்வி: நீக்கிவிடலாமா?

"யாருய்யா நீ? கையை விடு!"

"நான் எடுபிடி. துப்பறியறவங்க இன்னும் ரெண்டாவது மாடியில இருக்காங்க. அவங்களுக்கு முட்டி வலி. மூளை மட்டும் ஏற்கனவே மேல வந்தாச்சு."

முட்டியைத் தடவிக்கொண்டே செப்லே வந்து சேர்ந்தாள். நாற்பத்தைந்து வயது. கழுத்தைச் சுற்றி வெள்ளைச் சால்வை. அடிஸ் அபாபாவில் காணாமல்போன மாட்டிலிருந்து காணாமல்போன மாப்பிள்ளை வரை கண்டுபிடித்துக் கொடுத்தவள். ஆனால் கம்ப்யூட்டரில் அவளுக்குத் தெரிந்தது அதை எந்தப் பக்கம் திறப்பது என்பது மட்டும்தான்.

"யார் உங்களைக் கூப்பிட்டது?" ரோமான் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

"நான்தான்" என்றார் ஜன்னலோரம் நின்ற உயரமான மனிதர். எண்டாலே, வகுப்பு ஆசிரியர். நரை தட்டிய தாடி, நிதானமான குரல். செப்லே அவரைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

தக்கேலே அந்தப் புன்னகையை எடை போட்டான். எட்டு வருஷம் இவளுக்காகச் சாக்கடையில் இறங்கியிருக்கிறான். இந்த அளவில் ஒன்றுகூட அவனுக்குக் கிடைத்ததில்லை.

"விஷயத்தைச் சொல்லுங்க" என்றாள் செப்லே.

ரோமான் படபடவென்று சொன்னாள். ஐந்து மாத இலவசப் பயிற்சி. பதினெட்டுப் பேர். இன்று காலை கடைசித் தேர்வு. முதலில் வருகிறவருக்கு ஒரு பஸ் கம்பெனியில் நிரல் எழுதும் வேலை. ஒரே ஒரு இடம். நண்பகலுக்குள் பெயர் போய்ச் சேர வேண்டும். முதலிடம் அயால்நேஷுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவள் அனுப்பிய விடையும் நாவோத் அனுப்பிய விடையும் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

"நாவோத்தோடது ஒன்பது மணிக்கு வந்திருக்கு. இவளோடது ஒன்பது ஏழுக்கு. அப்ப யார் யாரைப் பார்த்து எழுதினது? சின்னக் குழந்தையும் சொல்லும். அவன் அமெரிக்காவுல படிச்சுட்டு வந்தவன். இவ அஞ்சு மாசம் முன்னாடி வரைக்கும் கீழே வாசல்ல காபி வித்தவ."

"காபி வித்தவளுக்கு முதலிடம் வந்தா வயிறு எரியும்தான்" என்றான் தக்கேலே.

"எனக்கு என்னய்யா எரிச்சல்?"

"உங்களுக்குன்னு நான் சொல்லவே இல்லையே, மேடம்."

சுவர்க் கடிகாரம், விடிந்ததிலிருந்து எண்ணும் ஊர்க் கணக்கில், நாலரை காட்டியது. லேப்டாப்பின் மூலையில் பத்தரை. இன்னும் ஒன்றரை மணி நேரம்.

"எனக்கு அந்த விடையைப் புரிய வைங்க" என்றாள் செப்லே எண்டாலேயிடம். "பால் குடிக்கிற பிள்ளைக்குச் சொல்ற மாதிரி."

அவர் இரண்டு லேப்டாப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "பஸ்ஸுல வர்றவங்க பேர்ப் பட்டியல் இது. நம்ம ஊர்ப் பேர், உங்களுக்குத் தெரியாததா? தன் பேர், அப்பா பேர், தாத்தா பேர். மெஷினுக்கு இது பேர் இல்லை, ஒரு சரம். பாசிமணி கோத்த மாதிரி எழுத்தா கோத்து வச்சிருக்கு. ஒவ்வொரு மணியாத் தொட்டுக்கிட்டே போகணும். இடைவெளி வந்தா அங்கே வெட்டணும். தன் பேரை முழுசா வச்சுக்கணும், அப்பா பேர்ல முதல் எழுத்து மட்டும். டிக்கெட்டுல இடம் பத்தாதில்ல?"

"ஒருத்தருக்கு வெட்டியாச்சு. அடுத்தவருக்கு?"

"அதுக்குத்தான் சுற்று. அதே வேலையைப் பட்டியல் தீர்ற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்னு ஒரே ஒரு தடவை சொல்லிட்டா போதும். பலருக்கு இது மண்டையில ஏற ஒரு மாசம் ஆச்சு. எங்கே நிறுத்தறதுன்னு சொல்ல மறந்துட்டு, மெஷின் நாள் முழுக்கச் சுத்திக்கிட்டே இருக்கும். அயால்நேஷ் மட்டும் முதல் நாளே பிடிச்சுக்கிட்டா. 'தட்டுல கோப்பை இருக்கிற வரைக்கும் ஊத்து, தீர்ந்தா நில்லு, அவ்வளவுதானே வாத்தியாரே?'ன்னு கேட்டா."

"எவ்வளவு அழகாச் சொல்றீங்க!"

"எட்டு வருஷமா நானும் சுத்திக்கிட்டேதான் இருக்கேன்" தக்கேலே முணுமுணுத்தான். "யாரும் அழகுன்னு சொன்னதில்லை."

செப்லே திரையில் ஒரு சொல்லைத் தொட்டாள். "இது என்ன, 'சினி'னு? ரெண்டுலயும் இருக்கே."

"எத்தனையாவது சுத்துன்னு எண்ண ஒரு பெட்டி வேணும். அதுக்கு நாமே பேர் வைக்கலாம். எல்லாரும் ஒத்தை எழுத்து வைப்பாங்க. இவ மட்டும் எப்பவுமே சினினு, காபிக் கோப்பை பேரைத்தான் வைப்பா."

செப்லே நிமிர்ந்தாள். "அப்ப இது அவ எழுதினதுதான். ரோமான் அம்மா, உங்க வாதம் அங்கேயே விழுந்துபோச்சு."

ரோமானின் முகம் சுருங்கியது. "அப்படின்னா நாவோத் திருடினானா? அவனைக் கூப்பிடறேன்."

"பொறுங்க. அதுலதான் எனக்கு இடிக்குது. பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடினவன் இறகைப் பிடுங்கிட்டுத்தானே சமைப்பான்? ஊருக்கே தெரிஞ்ச அந்தச் சினியை மாத்த ஒரு நொடி போதும். மாத்தலையே. ஏன்?"

"சோம்பேறியா?" என்றான் தக்கேலே.

"இல்லை. பிடிபடணும்னே செஞ்சது இது."

அடுத்த அறையில் பதினெட்டுப் பேரும் ஒரு மணி நேரமாகப் பூட்டிவைத்ததுபோல் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பெஞ்சில் அயால்நேஷ். இருபத்தாறு வயது இருக்கும். அழுது முடித்த முகம், நிமிர்ந்த முதுகு. அவள் பக்கத்தில் நாவோத், கசங்கிய விலையுயர்ந்த சட்டையில்.

தக்கேலே முன்னால் போய் நின்று கை தட்டினான். "எல்லாரும் கேளுங்க. அயால்நேஷைப் பார்த்துப் பொறாமை இல்லாதவங்க கையைத் தூக்குங்க."

அறை அசடு வழியச் சிரித்தது. ஒரு கைகூட எழவில்லை. பிறகு, நாலாவது வரிசையிலிருந்து ஒன்று எழுந்தது. கிரீஸ் கறை போகாத விரல்கள். லாரிப் பட்டறையில் வேலை பார்க்கும் அஸ்ராத் தாம்தே.

"எனக்கு அவங்க யாருன்னே தெரியாதே, சார். எதுக்குப் பொறாமைப்படணும்?"

"அஞ்சு மாசமா ஒரே ரூம்ல இருக்கீங்க."

"பேசினதில்லை."

"உண்மைதான்" என்றாள் பின்னாலிருந்து ஒரு பெண். "அவன் யார்கிட்டயுமே பேச மாட்டான். வருவான், காபி குடிப்பான், போவான்."

செப்லே நாவோத்தை மட்டும் வெளியே மாடிப்படித் திருப்பத்துக்கு அழைத்து வந்தாள். காலையில் மின்சாரம் போனபோது எல்லோரும் காபி குடித்த இடம் அதுதான்.

"மேடம், நான் காப்பியடிக்கலை. அயால்நேஷுக்கு இந்தச் சரம் வெட்டறதைச் சொல்லிக் குடுத்ததே நான்தான். தினம் சாயங்காலம். இப்ப அவ என்னைவிட நல்லா வெட்டறா. எனக்கும்கூடக் கொஞ்சம் காந்திச்சுதான். மனுஷன்தானே? அதுக்காகத் திருடுவேனா?"

"உன் விடையை எத்தனை மணிக்கு அனுப்பின?"

"அதுதான் வேடிக்கை. நான் அனுப்பவே இல்லை! எட்டு நாப்பதுக்குக் கரண்ட் போச்சு. லேப்டாப் ஓடும், ஆனா இணைப்பு கிடையாது. வாத்தியார், 'வர்ற வரைக்கும் காபி குடிங்க'ன்னாரு. ஒன்பதுக்குக் கரண்ட் வந்துச்சு. போய் பட்டனை அழுத்தினா, 'உன் விடை வந்துடுச்சு'ங்குது. சரி, கை பட்டு முன்னாடியே போயிருக்கும்னு விட்டுட்டேன்."

"ஒன்பது ஏழு வரைக்கும் அயால்நேஷ் ஏன் அனுப்பலை?"

"கோப்பை கழுவிக்கிட்டிருந்தா. நாங்க இருபது பேர் குடிச்ச கோப்பை."

எண்டாலேயின் விதி ஒன்று உண்டு. விடையின் முதல் வரியில் மாணவன் தன் பெயரையும் முடித்த நேரத்தையும் தானே எழுத வேண்டும். செப்லே அந்த வரியைப் பார்த்து வைத்திருந்தாள்.

"நாவோத், இப்ப மணி என்ன?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "பத்து ஐம்பது."

"தக்கேலே, உனக்கு?"

"நாலு ஐம்பது."

"இதே தொல்லைதான் மேடம்" என்றான் நாவோத். "இங்கே எல்லாரும் விடிஞ்சதுலேர்ந்து எண்ணறாங்க. நான் வளர்ந்த ஊர்ல நடுராத்திரியிலேர்ந்து. மூணு மணிக்குக் கல்யாணம்னு சித்தப்பா பையன் சொன்னான். மத்தியானம் மூணுக்குக் கோட்டு போட்டுக்கிட்டுப் போறேன், அங்கே நாற்காலியை மடக்கிக்கிட்டிருக்காங்க. அதுலேர்ந்து நான் என் கணக்கை விடறதே இல்லை."

செப்லே தக்கேலேயைப் பார்த்தாள். அவன் ஏற்கனவே ஓடிப்போய் லேப்டாப்போடு திரும்பிக்கொண்டிருந்தான்.

"இவன் செஞ்ச பழைய பாடம் இருபத்தொண்ணு. அத்தனையிலும் எட்டு பத்து, ஒன்பது நாப்பதுன்னு அமெரிக்க நேரம்தான். இன்னிக்கு அனுப்பினதுல மட்டும்…" விரலால் தட்டினான். "ரெண்டு ஐம்பது. எங்க ஊர் மணி! உன் கணக்குல எட்டு ஐம்பது."

"அதை நான் எழுதலை!"

"நீ எழுதலைப்பா" என்றாள் செப்லே. "விடிஞ்சதுலேர்ந்து எண்ணறவன் ஒருத்தன், தன் கையில கட்டின வாட்சைப் பார்த்து எழுதியிருக்கான். எல்லாரும் இங்கே காபி குடிச்சுக்கிட்டிருந்தப்ப, உள்ளே போய் அயால்நேஷ் லேப்டாப்புலேர்ந்து விடையை எடுத்து உன் மெஷின்ல ஏத்தி, உன் பேரைப் போட்டு, பட்டனையும் அழுத்தி வச்சிருக்கான். கரண்ட் வந்ததும் அது தானாப் போயிருக்கு."

தக்கேலே தாடையைச் சொறிந்தான். "பாக்கிப் பதினாறு பேரும் விடிஞ்சதுலேர்ந்துதான் எண்ணறாங்க, மேடம். வாத்தியாரையும் சேர்த்தா பதினேழு. அந்தத் தாடியை நான் முதல்லேர்ந்தே நம்பலை."

"அவர் என்னோடயேதான் நின்னாரு" என்றான் நாவோத். "மூணு சுத்தும்."

"ச்சே."

செப்லே சிரிக்கவில்லை. "அந்த மூணு சுத்துலயும் என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு."

இந்த ஊரில் காபி என்றால் மூன்று சுற்று. முதல் சுற்றுக்கு ஆள் தவற மாட்டான். மூன்றாவதற்கு இல்லாமல் போனால் அவமரியாதை. யாராவது நழுவ வேண்டுமானால் இரண்டாவதில்தான் நழுவ வேண்டும்.

"ரெண்டாவது சுத்துல" என்றான் நாவோத் முகத்தைச் சுளித்துக்கொண்டே, "தட்டுல ஒரு கோப்பை மிஞ்சிச்சு. வீணாப் போகுதேன்னு நான் எடுத்து ஒரே மடக்கு. ஐயோ! உப்பு! கரண்ட் போனதுல தண்ணியும் கெட்டுப்போச்சு போலன்னு நினைச்சுத் துப்பிட்டேன். அயால்நேஷ் மனசு நோகும்னு சொல்லலை."

தக்கேலேயும் செப்லேயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அமெரிக்காக்காரா" என்றான் தக்கேலே பரிவோடு, "கிராமத்துல பாதிப் பேர் காபிக்கு உப்புதான்டா போட்டுக் குடிப்பாங்க. உனக்குச் சர்க்கரை மாதிரி அவங்களுக்கு."

"எத்தனை பேர் இந்த வகுப்புல உப்புக் காபி குடிக்கிறாங்க?" என்று கேட்டாள் செப்லே.

நாவோத்துக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டே வந்த எண்டாலேக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் ஒரு யோசனை சொன்னார். "சுற்றுல தப்பு இருந்தா நாங்க என்ன செய்வோம் தெரியுமா? முதல்லேர்ந்து மெதுவா மறுபடி ஓட்டுவோம். ஒவ்வொரு அடியிலயும் எந்தப் பெட்டியில என்ன இருக்குன்னு பார்ப்போம்."

"பிரமாதம்!" என்றாள் செப்லே.

தக்கேலே வானத்தைப் பார்த்தான். அதே யோசனை அவன் நாக்கு நுனியில் இருந்தது என்று சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?

பதினொன்றே காலுக்கு மறுபடி காபி. மாடிப்படித் திருப்பத்தில் வழக்கப்படி புல் பரப்பி, கரி அடுப்பை மூட்டி, அயால்நேஷ் கழுத்து நீண்ட மண் குடுவையை ஏற்றினாள். ரோமான் விண்ணப்பக் கட்டோடு வந்து நின்றாள். நண்பகல் அடித்ததும் பெயரை அடிக்கத் தயாராக.

"அதென்ன கட்டு?" என்று கேட்டாள் செப்லே.

"சேரும்போது ஒவ்வொருத்தரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. எங்க வீட்டுலேர்ந்து வேற யாரும் இங்கே படிக்கலைன்னு. ஒரு வீட்டுக்கு ஒரு இடம்தான். பொய்னு தெரிஞ்சா ரெண்டு பேரும் வெளியே. ஆயிரம் பேர் வரிசையில நிக்கிறாங்க, தெரியுமா?"

"அயால்நேஷ், காலையில ஊத்தின மாதிரியே ஊத்தும்மா" என்றாள் செப்லே. "எதையும் மாத்தாதே."

"சரி, அக்கா."

அவள் கை தன்பாட்டில் ஓடியது. குடுவையை உயர்த்தி, ஒரே ஒழுக்காக, கோப்பையிலிருந்து கோப்பைக்கு. இடையில் நிற்கவே இல்லை. தீர்ந்ததும் சின்ன டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, தட்டின் இடது மூலைக் கோப்பையில் போட்டாள். எந்தக் கோப்பையில் போடுகிறோம் என்று அவள் பார்க்கவும் இல்லை.

கைகள் நீண்டன. கிரீஸ் கறை படிந்த ஒரு கை இடது மூலைக்கு வந்தது. அதற்கு முன் தக்கேலே அந்தக் கோப்பையைத் தூக்கி வாயில் கவிழ்த்துக்கொண்டான்.

"த்தூ! கடலே உள்ளே இறங்குது, மேடம்!"

அஸ்ராத்தின் கை வெறும் தட்டின் மேல் நின்றது.

"காலையில ரெண்டாவது சுத்துல இந்தக் கோப்பையைக் குடிக்க ஆள் இல்லை" என்றாள் செப்லே அமைதியாக. "எங்கே போயிருந்தே, அஸ்ராத்?"

"கக்கூஸுக்கு. உப்புக் காபி குடிச்சா குத்தமா?"

"குத்தமில்லை. ரெண்டு ஐம்பதுக்கு நாவோத் லேப்டாப் முன்னாடி உக்காந்ததுதான் குத்தம்."

"நான் ஏன் உக்காரணும்? எனக்கு அந்த வேலை கிடைக்கவா? நான் பதினாலாவது ஆளு. முன்னால ரெண்டு பேர் போனாலும் பன்னெண்டு."

ரோமான் தலையாட்டினாள். "அவன் சொல்றது சரிதானே? இவனுக்கும் அவளுக்கும் என்ன? ஒரு வார்த்தை பேசினது கிடையாது. காரணம் வேண்டாமா? காரணம் இல்லைன்னா நான் அவ பேரைத்தான் அடிக்கணும்."

"காரணம் இருக்கு" என்றாள் செப்லே. "இதைச் செஞ்சவனுக்கு வேலை வேண்டாம். அயால்நேஷும் நாவோத்தும் ஒண்ணா மாட்டணும். இனிமே ரெண்டு பேரும் ஒண்ணா உக்காரக் கூடாது. சாயங்காலம் அவ சிரிக்கிறதை நாலாவது வரிசையிலேர்ந்து பார்த்துக்கிட்டு, யாருன்னே தெரியாதவன் மாதிரி உக்காந்திருக்கணுமே, அந்த எரிச்சல் தீரணும். அவன் காபிக்கு உப்பு வேணும்னு யார்கிட்டயும் கேட்டதில்லை. ஒரு வார்த்தை பேசினதில்லை. அப்படி இருந்தும் இவ…"

சட்டென்று நிறுத்தினாள்.

அவள் கண் ரோமானின் கையிலிருந்த கட்டின் மேல் இருந்தது.

"இவ என்ன?" என்றாள் ரோமான். "சொல்லுங்க. இவ என்ன?"

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக செப்லே பாதி வாக்கியத்தில் நிற்பதைத் தக்கேலே பார்த்தான். அவனுக்கும் புரிந்தது. இந்த ஊரில் பெண்ணுக்குக் கடைசிவரை அப்பா பெயர்தான். லெம்மா ஒரு பக்கம், தாம்தே ஒரு பக்கம். எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் தெரியாது. செப்லே சொல்லாமல் விட்டால் அயால்நேஷ் திருடி. சொன்னால், அந்தக் கட்டிலிருக்கும் அவள் கையெழுத்தே அவளை வெளியே தள்ளும்.

"ஒண்ணுமில்லை மேடம்" என்றான் தக்கேலே, வாழ்க்கையில் முதல் முறையாக நகைச்சுவை இல்லாமல். "இவங்க கொஞ்சம் யோசிக்கட்டும்."

"பதினொண்ணு ஐம்பது. யோசிக்க நேரமில்லை."

அஸ்ராத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அயால்நேஷ் குடுவையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். எழுந்தாள். சால்வை முனையில் கையைத் துடைத்துக்கொண்டு அஸ்ராத்தின் முன்னால் போய் நின்றாள். ஐந்து மாதத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அவள் அவனிடம் பேசியது அப்போதுதான்.

"நீயா?"

அவன் கிரீஸ் விரல்களைச் சட்டையில் தேய்த்தான்.

"நாவோத்கிட்ட என்ன கத்துக்கிட்டாலும் அன்னிக்கே உனக்கும் சொல்லிக் குடுத்தேனே. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீ அங்கே சிரிக்கிறே" என்றான் அஸ்ராத். "இங்கே நான் யாரோ."

அயால்நேஷ் ரோமான் பக்கம் திரும்பினாள்.

"நாவோத் பேரை அடிக்காதீங்கம்மா, அவன் ஒண்ணும் செய்யலை. என் பேரை அடிங்க. ஆனா திருடினேன்னு அடிக்காதீங்க, பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு அடிங்க. இவர் என் புருஷன்."